ஆறு மா நிலமும் ஒரு நடவு நாளும்

காவிரிப் படுகையில் புரட்டாசி மாதத்தில் ஒருவரைக் கைபேசியில் அழைத்து நலம் விசாரித்தால், உடம்பைப் பற்றிய பதில் கடைசியில்தான் வரும். “நாத்துக்கு முப்பது நாளாச்சு, வாய்க்கால்ல இன்னும் தண்ணி ஏறல” என்பார். இல்லாவிட்டால், “நாளன்னிக்கு நடவு, ஆளு சொல்லியாச்சு” என்பார். சம்பா என்ற நீண்டகால நெல் பருவத்தின் மொத்தக் கவலையும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். தண்ணீர், நாற்று, ஆள் மூன்றும் ஒரே நாளில் ஒரே வயலுக்கு வந்து சேர வேண்டும். ஒன்று பிந்தினால் மற்ற இரண்டும் அதற்காகக் காத்திருக்காது.

நடவு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள். அந்த வேலை காலையில் தொடங்கி மதியத்துக்குமேல் முடிந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் நிலத்துக்குச் சொந்தக்காரக் குடும்பம் பார்க்கிற வேலை எந்தப் படத்திலும் வருவதில்லை, வீட்டில் சாகுபடிச் செலவு எழுதி வைக்கும் நோட்டிலும் வருவதில்லை. அது என்ன வேலை, ஏன் அந்த நேரத்தில் அப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். எடுத்துக்கொள்வது திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலம், மன்னார்குடிப் பக்கத்துச் சம்பா நடவு. ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம், கணவன், மனைவி, வயதான மாமியார், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். குறிப்பிட்ட எந்த வீட்டையும் மனதில் வைத்து எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு.

தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிகளில் இன்றும் வயலை மாக் கணக்கில்தான் சொல்கிறார்கள். மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயி சாகுபடி செய்யும் நிலத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர். மாக் கணக்கில் அது ஐந்தரை மா. ஆறு மா வைத்திருப்பவர் சராசரியைவிடக் கொஞ்சம் மேலே நிற்கிறார், அவ்வளவுதான். ஆனால் இந்த அளவு தருகிற சிக்கல் ஒன்று உண்டு. குடும்பமே இறங்கி ஒரே நாளில் நட்டு முடிக்க முடியாத அளவுக்கு அது பெரிய நிலம். அதை மட்டும் நம்பி வருஷம் முழுக்கச் சாப்பிட முடியாத அளவுக்குச் சிறிய நிலம். அதனால் இந்த வீட்டுப் பெண் ஒருநாள் தன் வயலுக்கு ஆள் தேடுகிறவளாகவும், மறுநாள் இன்னொருவர் வயலுக்கு நடவுக்குப் போகிறவளாகவும் இருக்கிறாள்.

சரி, நேராக வயலிலேயே விதைத்துவிட்டுப் போகாமல், ஓரிடத்தில் முளைக்க வைத்து, பிடுங்கி, இன்னோர் இடத்தில் எதற்கு நட வேண்டும்? முதல் காரணம் களை. ஒரு மாத வயது நாற்றைச் சேற்றில் ஊன்றித் தண்ணீர் கட்டும்போது நெல் ஏற்கனவே ஒரு மாதம் முந்திவிட்டது, களை அப்போதுதான் முளைக்கவே முயல்கிறது. தேங்கிய தண்ணீரில் பெரும்பாலான களை விதைகளுக்கு மூச்சுக் கிடைப்பதில்லை. இரண்டாவது காரணம் நேரமும் தண்ணீரும். ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதும் என்பது வேளாண் துறையின் கணக்கு. ஆறு மாவுக்கு 16 சென்ட். அந்த ஒரு மாதம் 16 சென்ட்டுக்கு மட்டும் தண்ணீர் வைத்தால் போதும், அதை மட்டும் காவல் காத்தால் போதும். அந்த நேரத்தில் மீதி வயலில் குறுவை, அதாவது முந்தைய குறுகிய கால நெல், முற்றிக்கொண்டிருக்கலாம். அல்லது வாய்க்காலில் தண்ணீர் வரட்டும் என்று வயல் சும்மா கிடக்கலாம். ஆற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று நிச்சயமில்லாத ஊர்களுக்கு இந்த ஒரு மாத அவகாசம் சாதாரண விஷயமில்லை.

தண்ணீர் மேட்டூரில் தொடங்குகிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணை, 120 அடி, 93.47 டிஎம்சி கொள்ளளவு. பாசனத்துக்குத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் அந்த நாளை அணையில் இருக்கும் நீர்தான் முடிவு செய்கிறது. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, நம் ஆறு மா வீட்டுக்கு வெண்ணாற்று வழியாக வரும். நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி பிரியும். அப்புறம் பெரிய வாய்க்கால், சின்ன வாய்க்கால், கன்னி என்கிற சிறு கால், வயலுக்குள் திறக்கும் வாய்மடை. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்று செய்தியில் காட்டிய பிறகும் வயலில் ஈரம் காணாத நாட்கள் உண்டு. முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், நம் முறை எந்த இரவில் வருகிறதோ அந்த இரவில்தான் வயலை நனைக்க முடியும்.

சம்பாவுக்கு இன்னொரு பக்கமும் நெருக்கடி இருக்கிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். அதுவரை தண்ணீர் போதவில்லை என்று இருந்த வயலில் தண்ணீர் வடியவில்லை என்ற கவலை தொடங்கும். நட்டு ஒரு வாரமே ஆன பயிர் முழுகினால் அழுகிப்போகும். நட்டு மூன்று வாரமாகி வேர் ஊன்றிய பயிர் ஓரளவு தாங்கும். சிஆர் 1009 என்ற, பொன்மணி என்றும் பெயருள்ள நீண்டகால ரகத்தில் வெள்ளம் தாங்கும் மரபணுவைச் சேர்த்து வந்த சிஆர் 1009 சப்-1 இந்தப் பக்கத்தில் பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான். இரண்டு வாரம்வரை முழுகிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்த பிறகு மறுபடி துளிர்க்கிற குணம் அதற்கு உண்டு. ஆனாலும் யாரும் அதை நம்பி நடவைத் தள்ளிப்போடுவதில்லை. புரட்டாசிக்குள் நட்டுவிட வேண்டும் என்பதுதான் எல்லா வீட்டுத் திண்ணையிலும் பேச்சு.

நாற்றுக்கு வயது உண்டு. மாதத்துக்கு ஒரு வாரம் என்பது பொதுவான கணக்கு: ஐந்து மாதப் பயிருக்கு ஐந்து வார நாற்று, மூன்றரை மாதக் குறுவைக்கு மூன்று, மூன்றரை வார நாற்று. வயது தாண்டிய நாற்று சாகாது, பச்சையாகத்தான் இருக்கும். அதனால் வெளியூர்க்காரர்களுக்கு விஷயம் புரியாது. நெல் தூர் கட்ட, அதாவது பக்கக் கிளைப்பு விட, வேண்டிய நாட்களை நெருக்கமான நாற்றங்காலிலேயே கழித்துவிட்டு வருகிறது என்பதுதான் அதில் உள்ள நஷ்டம். வயலுக்கு வந்தபின் ஒரு குத்தில், அதாவது சேர்த்து ஊன்றும் ஓர் இடத்தில், இருபது தூர் வர வேண்டிய இடத்தில் எட்டோ பத்தோ வரும். அதைச் சரிக்கட்ட ஒரு குத்துக்கு நான்கைந்து நாற்றாகச் சேர்த்து வைப்பார்கள், நாற்று பற்றாமல் போகும். நாற்று முப்பதாம் நாளைத் தாண்டியதும் வீட்டில் தூக்கம் குறைவது இதனால்தான்.

ஆள் கிடைப்பது மூன்றாவது. ஒரு ஏக்கர் நடப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேண்டும், நாற்றுப் பறித்துச் சுமக்க நான்கைந்து பேர் தனி. ஊரில் எல்லா வயலுக்கும் ஒரே வாரத்தில் தண்ணீர் வருகிறது, எல்லா நாற்றும் ஒரே வாரத்தில் வயதுக்கு வருகிறது. அதனால் எல்லோருக்கும் ஒரே நாளில் ஆள் வேண்டும். “ஆள் சொல்வது” என்பது முந்தைய மாலையில் நடக்கும் வேலை. பெரும்பாலும் அதை வீட்டுப் பெண்தான் செய்கிறாள். நடவாட்களைக் கூட்டி வரும் அம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்று, “அக்கா, நாளைக்கு எங்க வயலுக்கு வந்துருங்க, நாத்து முத்திப் போச்சு” என்று கேட்க வேண்டும். போன வாரம் அந்த அக்காவோடு சேர்ந்து இவளும் வேறு வயலில் நட்டிருப்பாள். அந்தப் பழக்கமும் முகதாட்சணியமும்தான் ஆள் கொண்டு வருகிறது. ரொக்கத்தை மட்டும் நம்புகிறவர்களுக்கு இந்தப் பருவத்தில் ஆள் கிடைப்பது அரிது.

நடவுக்கு முந்தைய பத்து நாளில் வயல் தயாராகியிருக்கும். தண்ணீர் கட்டி ஊறவிட்டு, கேஜ் வீல் போட்ட டிராக்டரை வாடகைக்குக் கூப்பிட்டு இரண்டு சால் சேறு அடிப்பார்கள். பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்திருந்தால் அதையும் மடக்கி உழுது அழுகவிடுவார்கள். சேறு அடிப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. மண்ணின் நுண்ணிய துளைகள் அடைபட்டு, வைத்த தண்ணீர் கீழே இறங்கிப் போகாமல் நிற்கும். டிராக்டர் முடித்துவிட்டுப் போன பிறகு குடும்பத்தின் வேலை வரப்பில் தொடங்கும். மண்வெட்டியால் வரப்பின் பக்கங்களைச் செதுக்கி, அதாவது அண்டை வெட்டி, சேற்றை அள்ளிப் பூச வேண்டும். இதைச் சிலர் அழகுக்காகச் செய்வதாக நினைக்கிறார்கள். வரப்பில் நண்டு வளையும் எலி வளையும் நிறைந்திருக்கும். முறையில் கிடைத்த ஓர் இரவுத் தண்ணீர் அந்த வளைகள் வழியே பக்கத்து வடிகாலுக்குப் போய்விட்டால் அடுத்த முறை வரை வயல் வெடிக்கும். ஆறு மாவுக்கு வரப்பு வெட்டுவது ஓர் ஆளுக்கு இரண்டு மூன்று நாள் வேலை. பெரும்பாலும் கூலி கொடுக்காமல் கணவரே செய்துவிடுவார். அதனால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

நடவு நாள் விடிவதற்கு முன்பே இரண்டு பேர் இரண்டு திசையில் போவார்கள். அவர் டார்ச் விளக்கோடு வயலுக்கு. இரவில் வைத்த தண்ணீர் அதிகமாக நின்றால் மடையை வெட்டி வடிக்க வேண்டும், ஏனென்றால் முழங்கால் ஆழத் தண்ணீரில் நட்டால் நாற்று மிதக்கும். குறைந்து போயிருந்தால் சேறு இறுகும், நடுகிறவர்களின் விரல் தேயும். ஒரு விரற்கடை அளவுக்குத் தண்ணீர் நிற்பதுதான் சரி. மனைவி அடுப்படிக்கு. நடவாட்களுக்குச் சாப்பாடு போடுவது ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி. சில இடத்தில் கூலிக்குள் அடக்கம், சில இடத்தில் அவர்களே தூக்குவாளியில் பழைய சோறு கொண்டு வருவார்கள். எப்படியிருந்தாலும் பத்து மணிக்கு டீயும் வடையும் கண்டிப்பாக உண்டு. அதைக் கடையில் வாங்குகிற வீடு கூடிவிட்டது. மாமியார் இருக்கிற வீட்டில் இன்னும் பருப்பு ஊறப்போட்டு அரைக்கிறார்கள்.

நாற்றுப் பறிப்பு வெயில் ஏறுவதற்கு முன் நடக்கும், பாதியை முந்தின நாள் மாலையிலேயே பறித்து வைத்துவிடுவதும் உண்டு. நாற்றங்காலில் தண்ணீர் நிறையக் கட்டியிருந்தால்தான் வேர் அறாமல் வரும். இரண்டு கையாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து இழுத்து, தண்ணீரில் அலசி, வேரில் ஒட்டிய சேற்றைக் காலில் தட்டிவிட்டு, வைக்கோல் பிரியால் முடிச்சுப் போட வேண்டும். பார்க்கச் சுலபமாகத் தெரியும் இந்த வேலையில்தான் தேர்ச்சி பெற்றவரையும் புதியவரையும் சட்டென்று பிரித்துவிடலாம். இறுக்கிக் கட்டினால் நடுகிறவரின் கையில் முடி, அதாவது நாற்றுக்கட்டு, பிரியாது, தளர்த்திக் கட்டினால் தூக்கி வீசும்போது சிதறும். கட்டிய முடியில் இலை நுனியைக் கிள்ளி எறிவதும் உண்டு. குருத்துப்பூச்சி முட்டையிடுவது பெரும்பாலும் அந்த நுனியில்தான், ஆகவே கிள்ளிய நுனியோடு அடுத்த மாதத்துத் தொல்லையில் ஒரு பங்கு போய்விடுகிறது. அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரம் கரைத்த தண்ணீரில் வேரைக் கொஞ்ச நேரம் நனைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

நட வருகிறவர்கள் வந்து சேர்வதற்குள் அவர் இன்னும் இரண்டு வேலை முடித்திருக்க வேண்டும். சிங்க் சல்பேட்டை ஏக்கருக்கு 10 கிலோ வீதம் மணலில் கலந்து சேற்றின்மேல் தூவுவது ஒன்று. நாற்று முடிகளை வயலெங்கும் வீசி வைப்பது இன்னொன்று. எத்தனை அடிக்கு ஒரு முடி என்று கண் அளவிலேயே தெரிய வேண்டும். குறைவாக வீசினால் நடவு வரிசை நாற்றுக்காக நிற்கும், அதிகமாக வீசினால் மிஞ்சியதைத் திரும்பப் பொறுக்க வேண்டும். விடுமுறை நாளாக இருந்தால் பிள்ளைகள் இறங்குவது இந்த வேலைக்குத்தான். அவர்களுக்கு இதில் உற்சாகம் அதிகம், குறி தவறி யார் முதுகிலாவது சேறு தெறித்தால் திட்டும் கிடைக்கும்.

முதல் நாற்றை ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கு மூலையில், வைப்பது வழக்கம். வரப்பில் சாணிப் பிள்ளையார், அருகம்புல், ஒரு கற்பூரம். பெரும்பாலும் வீட்டு மூத்த பெண்தான் அந்த நாலு நாற்றை ஊன்றுவாள். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அப்புறம் வரிசை இறங்கும்.

நடவை ஏன் பின்னோக்கி நகர்ந்து செய்கிறார்கள் என்று நகரத்துப் பிள்ளைகள் கேட்பதுண்டு. முன்னோக்கி நகர்ந்தால் நட்ட நாற்றையே மிதிக்க வேண்டியிருக்கும். இடது கையில் பிரித்த முடி, வலது கை இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து எடுத்துக் கட்டை விரலும் இரு விரலும் சேர்த்துச் சேற்றில் ஊன்றும். ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆழத்தில் புதைந்த நாற்று மேலே வரவே ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும், தூரும் குறையும். நீண்டகால ரகத்துக்குப் பரிந்துரைக்கும் இடைவெளி 20க்கு 15 சென்டிமீட்டர். சதுர மீட்டருக்கு 33 குத்து. ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,35,000 குத்து. பன்னிரண்டு பேர் நட்டால் ஒருவர் அரை நாளில் பதினோராயிரம் தடவைக்கு மேல் கையை ஊன்றி எடுக்கிறார், அதுவும் நிமிராமல். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்கு நடவு வரிசையின் புகைப்படங்களை முன்போல ரசித்துப் பார்க்க முடிவதில்லை.

“கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்” என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். நெருக்கி நட்டால் வைக்கோல்தான் மிஞ்சும் என்று அர்த்தம். ஆனால் தெரிவது வேறு, நடப்பது வேறு. ஏக்கருக்கு இவ்வளவு என்று கொத்தாகப் பேசி நடும்போது சீக்கிரம் முடிப்பதில்தான் நடுகிறவர்களுக்கு வருமானம், அதனால் இடைவெளி கண்டபடி விழும். எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட்டு நட்டால் காற்றும் வெளிச்சமும் உள்ளே போகும், புகையான் பூச்சி அடங்கும், மருந்து தெளிக்கக் கால் வைக்கவும் இடம் இருக்கும். அதைக் கேட்டு வாங்குவது வீட்டுக்காரர்களின் வேலை. வரப்பில் நின்று கத்துகிறவர் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருக்காது. வீட்டுப் பெண் சேற்றில் இறங்கி வரிசைக்கு நடுவில் ஒருத்தியாக நடும்போது நிலைமையே வேறு. “ஏத்தா, கொஞ்சம் தள்ளி வையி” என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னால் அது கட்டளையாக ஒலிக்காது. அவளுடைய வேகத்துக்கு வரிசை நகரும். நடுவில் இரண்டு தடவை கை கழுவிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவதும் அவள்தான்: டீ கொண்டு வர, அடுப்பில் இருப்பதைப் பார்க்க.

மதியத்துக்குமேல் வரிசை கரையேறும். கூலியை அன்றைக்கே ரொக்கமாகக் கொடுத்துவிட வேண்டும், அதில் கடன் சொல்வது அடுத்த நடவுக்கு ஆள் வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாற்றுப் பறித்துச் சுமக்கும் ஆணுக்குக் கிடைக்கும் கூலி, நடும் பெண்ணுக்குக் கிடைப்பதைவிடப் பெரும்பாலான ஊர்களில் அதிகம். வேலையின் கடுமையிலோ திறமையிலோ அதற்கு நியாயம் கிடையாது. நடவுக் கூலியின் வரலாறே இந்த மாவட்டங்களில் இரத்தத்தோடு கலந்தது. தஞ்சைப் பண்ணையாட்களைப் பாதுகாக்க 1952இல் தனிச் சட்டம் வர வேண்டியிருந்தது. கூலியாக நெல்லைச் சற்றுக் கூட்டிக் கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும் சேர்ந்துதான் 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதில் போய் முடிந்தது. அடுத்த ஆண்டே விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இன்று வயலில் இறங்கும் பெண்களில் பலர் அந்த வழியில் வந்த, சொந்த நிலம் இல்லாத குடும்பத்துப் பெண்கள். ஆறு மாக்காரர் பண்ணையார் இல்லை, அவருக்கும் கடன் உண்டு. ஆனாலும் வரப்பில் நிற்பவருக்கும் சேற்றில் நிற்பவருக்கும் நடுவில் அந்த வரலாறு இல்லாதது போலப் பேசக்கூடாது.

“நூறு நாள் வேலை வந்து ஆளே கிடைக்கல” என்ற புலம்பலையும் இதோடு வைத்துத்தான் பார்க்கிறேன். 2006இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டின் முதல் ஆறு மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று அரசே அந்த வேலைக்குக் கையில் கொடுத்தது. ஆள் குறைந்ததற்கு அதைவிடப் பெரிய காரணங்கள் இருக்கின்றன. இளம் வயதினர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். நடவு தெரிந்த பெண்களுக்கு வயதாகிவிட்டது. இப்போது பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்த ஆண்கள் டெல்டா வயல்களில் நாற்று நடுகிறார்கள். நடவு பெண்கள் வேலை என்று சொல்லிக் கூலியைக் குறைத்து வைத்த ஊரில், ஆண்கள் வந்து அதே வேலையைச் செய்கிறார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆட்கள் போன பிறகும் குடும்பத்துக்கு வேலை இருக்கிறது. மிஞ்சிய நாற்றை வயலின் ஒரு மூலையில் நெருக்கமாக ஊன்றி வைப்பார்கள். ஏழெட்டு நாளில் நண்டு வெட்டியதும் அழுகியதுமாகச் சில குத்துகள் போயிருக்கும், அந்த இடங்களை நிரப்ப இதே வயது நாற்று வேண்டும். தண்ணீரைக் குறைத்து வைத்து, வெயில் இறங்கும் வரை ஒரு சுற்று வர வேண்டும். பக்கத்துத் தெரு வாத்துகள் இறங்காமல் பார்க்க வேண்டும், அது மாமியார் பொறுப்பு. வீடு திரும்பியதும் மருதாணியை அரைத்து விரலிடுக்கில் வைத்துக் கட்டிக்கொள்வார்கள், நடவு வாரங்களில் சேற்றுப்புண் வராத கால் கிடையாது. இதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். காலில் வெட்டோ புண்ணோ இருக்கிறவர்களுக்கு எலி சிறுநீர் கலந்த வயல் தண்ணீர் வழியாக எலிக் காய்ச்சல் வரலாம். மழைக்காலத்தில் காய்ச்சலும் கடுமையான தசை வலியும் வந்தால் நடவு அலுப்பு என்று விட்டுவிடாமல், வயலில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சரி, இந்த வேலைக்கெல்லாம் விலை உண்டா? காகிதத்தில் உண்டு. மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் நெல்லுக்கு ஆதரவு விலை பரிந்துரைக்கும்போது, கையிலிருந்து போன செலவோடு குடும்பத்தினர் உழைப்புக்கும் ஒரு கூலி மதிப்புப் போட்டுச் சேர்க்கிறது. அந்தத் தொகையின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் ஆதரவு விலை வைப்பதாகத்தான் 2018-19 முதல் அரசு சொல்லி வருகிறது. 2025-26க்குச் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். நிலத்தின் வாடகையையும் முதலீட்டின் வட்டியையும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும் என்பது விவசாயச் சங்கங்களின் பழைய கோரிக்கை. அது தனி விவாதம். எனக்கு உறுத்துவது வேறு. குடும்ப உழைப்பை மணிக்கணக்கில் அளக்கும்போது வரப்பு வெட்டுவதும் நடுவதும் உள்ளே வந்துவிடும். ஆள் தேடி வாசல் வாசலாக நின்ற மாலைப் பொழுதும், முறைத் தண்ணீருக்காக விழித்த இரவும், நாலு மணிக்குப் பற்ற வைத்த அடுப்பும் எந்தக் கட்டத்துக்குள் வரும்? இவை இல்லாமல் நடவு நடந்திருக்காது.

அப்புறம் பட்டா. அது பெரும்பாலும் கணவர் பேரிலோ, இறந்துபோன மாமனார் பேரிலோ இருக்கும். நிலம் பேரில் இருந்தால்தான் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் விவசாயி உதவித்தொகை கிடைக்கும். பயிர்க்கடனுக்குப் போனாலும் முதலில் கேட்பது சிட்டா அடங்கல். நிலம் தன் பேரில் இல்லாத பெண்ணையும் விவசாயியாக அங்கீகரிக்க வேண்டும் என்று வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார், பெண் விவசாயிகள் உரிமை மசோதா, 2011. அவர் கும்பகோணத்தில் பிறந்தவர், இந்த வயல்களைப் பார்த்து வளர்ந்தவர். மசோதா சட்டமாகாமலே காலாவதியானது.

ஆள் தட்டுப்பாட்டுக்கு இயந்திர நடவு ஒரு வழி. அதற்குத் தட்டிலோ பாலித்தீன் விரிப்பிலோ பாய் நாற்றங்கால் போட்டு, 15 முதல் 18 நாளில் நாற்றைப் பாயாகச் சுருட்டி எடுக்க வேண்டும். சேறு அடித்து ஒன்றிரண்டு நாள் தெளியவிட்டு, தண்ணீரை ஒட்ட வடித்து, வயலைச் சமமாக வைத்திருக்க வேண்டும். சமமில்லாத, மூலை முடுக்கு நிறைந்த, வண்டி வழி இல்லாத சிறு வயல்களில் அது தடுமாறுகிறது. ஆனாலும் ஆட்கள் கையில் ஒரு நாள் பிடிக்கும் வேலையை ஓரிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவதால் கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் வேகமாகப் பரவியிருக்கிறது. திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, வேதாரண்யம் மாதிரிக் கடைமடை ஊர்களில் நடவையே விட்டுவிட்டு, ஆவணி வாக்கில் புழுதியில் நேரடியாக விதைத்து மழையை எதிர்பார்க்கிறார்கள். நாற்றங்கால் இல்லை, பறிப்பு இல்லை, நடவுக் கூலி இல்லை.

நேரடி விதைப்பில் குடும்பத்தின் வேலை குறைந்துவிடவில்லை, நாள் மாறியிருக்கிறது. நெல்லும் களையும் ஒரே நாளில் முளைப்பதால் களைக்கொல்லி தெளித்தும் இரண்டு தடவை கைக்களை எடுக்க வேண்டி வருகிறது. ஒரு பக்கம் அடர்ந்தும் ஒரு பக்கம் வெற்றிடமாகவும் முளைத்திருப்பதைக் கலைத்து நட வேண்டும். நடவென்றால் ஊரே ஒரு வயலில் இறங்கும், ஒரு நாளில் முடியும். களை எடுக்க அப்படி ஆள் சேராது. வீட்டுப் பெண் ஒருத்தியாகவோ மாமியாரைத் துணைக்கு வைத்துக்கொண்டோ, ஐப்பசி மழைக்கு நடுவில் மூன்று நான்கு வாரம் தினமும் இறங்க வேண்டியிருக்கிறது. ஒரு நடவு நாளில் நடவாட்களுக்கு ரொக்கமாகப் போன கூலி மிச்சமானது என்று நோட்டில் எழுதும்போது, அந்த மிச்சத்தின் பெரும்பகுதி இவளுடைய வாரங்களிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.